பிஎம்பி முடியப் போகிறது, 54 மணி நேரத்துக்கு எங்கே போவேன்?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து 38 வயது சிவில் பொறியாளர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தோஹாவில் ஒன்பது ஆண்டுகள் கட்டுமான நிறுவனத்தில் இருந்தவர். திட்ட மேலாளர்களுக்கு அமெரிக்காவின் பிஎம்ஐ அமைப்பு தரும் பிஎம்பி சான்றிதழுக்கான தேர்வில் 2023 ஆகஸ்ட் 14 அன்று தேறினார். அப்பாவின் உடல்நிலை சரியில்லாததால் சென்ற ஆண்டு ஜூனில் ஊர் திரும்பி, இப்போது வீடு கட்டித் தரும் ஒப்பந்ததாரர் ஒருவரிடம் சைட் பொறுப்பில் இருக்கிறார். பழைய மேலாளர் செப்டம்பரில் மறுபடி வரச் சொல்லி அழைக்கிறார். சம்பளம் நன்றாக இருக்கிறது. ஒரே நிபந்தனை, பிஎம்பி நடப்பில் இருக்க வேண்டும்.

அந்தச் சான்றிதழ் 2026 ஆகஸ்ட் 13 அன்று முடிகிறது. பிஎம்ஐ கணக்கைத் திறந்து பார்த்தால், புதுப்பிக்க மூன்று ஆண்டில் 60 பிடியு (தொழில் வளர்ச்சிக்குச் செலவிட்ட மணி நேரத்தைக் கணக்கிடும் அலகு) தேவை என்ற இடத்தில் வெறும் 6 நிற்கிறது. அதுவும் முதல் ஆண்டு உறுப்பினராக இருந்தபோது பார்த்த இணையவழி உரைகள் தாமாகவே பதிவானவை. "ஒம்பது வருசம் வெயில்ல நின்னவன் நான். அந்த அனுபவத்த இவங்க கணக்குல எடுக்க மாட்டாங்களா சாரே? பரீட்சைக்கு முன்ன உட்கார்ந்து படிச்ச 35 மணி நேரத்தையாவது கழிச்சுக்கலாமா?" என்று கேட்கிறார்.

இதற்கிடையில் ஒரு பயிற்சி மையம் 9,500 ரூபாய்க்கு '60 பிடியு தொகுப்பு' தருகிறோம் என்று சொல்லி 2,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறது. வகுப்புக்கு வர வேண்டாம், பிஎம்ஐ கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்தால் போதும் என்கிறார்களாம். நண்பர் ஒருவரோ, "முடிஞ்சாலும் ஒரு வருசம் டைம் உண்டு, பதறாதே" என்கிறார். எதைக் கேட்பது, எதை விடுவது என்பதே கேள்வி.

அன்புள்ள வாசகருக்கு,

ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் உங்கள் கடிதம் வந்திருக்கிறது. கையில் ஏறக்குறைய நூற்றுப் பதினைந்து நாள் இருக்கிறது, அது போதும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் '54 குறைகிறது' என்ற கணக்கே தவறு. அதைச் சரிசெய்தாலே பாதிப் பயம் போய்விடும். அதற்கு முன் அவசரமான வேலை ஒன்று இருக்கிறது.

பிஎம்ஐ கடவுச்சொல்லை அந்த மையத்துக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா இல்லையா என்பது கடிதத்தில் தெளிவாக இல்லை. கொடுத்திருந்தால் இன்று இரவே மாற்றுங்கள். கணக்கில் உள்ள மின்னஞ்சல் முகவரியும் தொலைபேசி எண்ணும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். அடுத்து, பிடியு பதிவு செய்யும் சிசிஆர்எஸ் தளத்தில் உங்கள் பெயரில் புதிதாக ஏதாவது கோரிக்கை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் படிக்காத வகுப்பு அங்கே இருந்தால், பிஎம்ஐ வாடிக்கையாளர் சேவைக்கு நீங்களே எழுதி, அது உங்களுடையதல்ல, நீக்குங்கள் என்று கேளுங்கள். பிறகு அவர்கள் கண்டுபிடித்து விளக்கம் கேட்கும் நிலைக்கு விடாதீர்கள்.

விலைக்கு வாங்கும் பிடியு

அந்த மையம் விற்பது பயிற்சி அல்ல. நீங்கள் இருந்திராத வகுப்புக்கு, இருந்ததாக ஒரு காகிதம். பிஎம்ஐ வருகிற கோரிக்கைகளில் சிலவற்றைத் தற்செயலாகப் பொறுக்கித் தணிக்கை செய்யும். உங்கள் பெயர் வந்தால் வகுப்பு எப்போது நடந்தது, எத்தனை மணி நேரம், யார் நடத்தினார், என்ன கற்றீர்கள் என்று ஆதாரம் கேட்பார்கள். மூன்று ஆண்டுக் கணக்கும் கடைசி மூன்று மாதத்தில், ஒரே மையத்தின் பெயரில், முழு எண்களாக ஏறி நின்றால் யார் கண்ணுக்கும் உறுத்தும். தேர்வு எழுதும்போது நீங்கள் ஒப்புக்கொண்ட நடத்தை நெறியின் நான்கு மதிப்புகளில் நேர்மையும் ஒன்று. அதை மீறினால் அந்தக் கோரிக்கை நிராகரிக்கப்படுவதோடு நிற்காது, சான்றிதழே பறிபோகலாம். பொய் என்று தெரிந்தே ஒரு ஆவணத்தை உண்மையென்று காட்டுவது நம் நாட்டுச் சட்டப்படியும் குற்றம். செப்டம்பரில் விமானம் ஏற நினைக்கிறவர் இந்தச் சிக்கலைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர்கள் 9,500 ரூபாய்க்கு விற்பதில் பெரும்பகுதி உங்களுக்கு இலவசமாகவே கிடைக்கும். பலர் இதில் ஏமாறுவதற்குக் காரணம், பிடியு என்பது அனுமதி பெற்ற பயிற்சி மையத்தில் மட்டும் கிடைக்கும் அரிய சரக்கு என்று நினைத்துக்கொள்வதுதான். உண்மையில் ஒரு மணி நேரம் கற்றால் ஒரு பிடியு. கால் மணி நேரத்துக்குக் கால் பிடியு என்று பிரித்தும் எழுதலாம். எங்கே கற்றீர்கள் என்பது பெரிதல்ல. திட்ட மேலாண்மையோடு தொடர்புடையதா, சான்றிதழ் பெற்ற பிறகு நடந்ததா, காட்ட ஆதாரம் உண்டா என்ற மூன்றும்தான் முக்கியம். அனுமதி பெற்ற மையத்தில் படித்தால் கோரிக்கை எழுதுவது சற்று எளிது, அவ்வளவே.

60 என்பது எப்படிப் பிரிகிறது

தளத்தைத் திறந்தால் இரண்டு பெரிய தலைப்புகள் தெரியும்: 'எஜுகேஷன்', 'கிவிங் பேக்'. முதலாவது நீங்கள் கற்பது. இரண்டாவது, தொழிலுக்கு நீங்கள் திருப்பித் தருவது. பிஎம்பிக்கு எஜுகேஷன் பகுதியில் குறைந்தது 35 வேண்டும். கிவிங் பேக் பகுதியில் 25க்கு மேல் ஏற்க மாட்டார்கள். அறுபதையும் கற்றலிலேயே முடிக்கலாம். ஆனால் அறுபதையும் சேவையில் முடிக்க முடியாது.

எஜுகேஷன் 35க்குள்ளும் ஒரு பிரிவு இருக்கிறது. பலர் கடைசி வாரத்தில் தடுக்கி விழுவது இங்கேதான். 'வேஸ் ஆஃப் ஒர்க்கிங்', 'பவர் ஸ்கில்ஸ்', 'பிசினஸ் அக்யுமென்' என்று பிஎம்ஐ 'டேலண்ட் டிரையாங்கிள்' எனச் சொல்லும் திறன் முக்கோணத்தின் மூன்று பக்கங்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது 8 இருக்க வேண்டும். மீதி 11 எந்தப் பக்கத்திலும் இருக்கலாம். 2022க்கு முன் இவற்றுக்கு வேறு பெயர்கள் இருந்தன. பழைய காணொளிகளில் டெக்னிக்கல், லீடர்ஷிப், ஸ்ட்ராட்டஜிக் என்று கேட்டால் குழம்ப வேண்டாம், அதே மூன்றுதான்.

உங்கள் மொழியில் சொன்னால், கால அட்டவணை போடுவது, பிரைமவேரா மென்பொருள், ஈட்டிய மதிப்புக் கணக்கு, அஜைல் (வேலையைச் சிறு சிறு சுற்றுகளாகச் செய்யும் முறை) எல்லாம் முதல் பக்கம். ஆட்களோடு பேசுவது, சச்சரவு தீர்ப்பது, பேரம், தலைமை எல்லாம் இரண்டாவது. ஒப்பந்த விதிகள், செலவு, வரி, சட்ட இணக்கம், இந்தத் திட்டம் முதலாளிக்கு எதற்காக என்ற பார்வை எல்லாம் மூன்றாவது. சிவில்காரர்கள் பெரும்பாலும் முதல் பக்கத்தை நிரப்பிவிட்டு இரண்டாவதில் ஒன்றிரண்டோடு நிற்பார்கள். மொத்தம் 60 தாண்டிவிட்டாலும் ஒரு பக்கத்தில் 7 இருந்தால் புதுப்பிக்க முடியாது.

கையில் இருப்பதை முதலில் எண்ணுங்கள்

இப்போது உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்துக்கு வருகிறேன். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 2024இல் தோஹா நிறுவனம் ஒப்பந்தக் கோரிக்கைகள் பற்றி இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பியது, சான்றிதழ் அலமாரியில் இருக்கிறது, 'ஆனா அது பிஎம்ஐ சென்டர் இல்ல'. அது பிஎம்ஐ மையமாக இருக்க வேண்டியதே இல்லை! 2023 ஆகஸ்ட் 14க்கும் 2026 ஆகஸ்ட் 13க்கும் இடையில் நடந்ததால் அது முழுக்க முழுக்கச் செல்லும். உண்மையான தேதியைப் போட்டு இன்றைக்கும் பதிவு செய்யலாம்.

மணி நேரத்தை மட்டும் நேர்மையாக எண்ணுங்கள். காலை 9 முதல் மாலை 5 வரை என்று எழுதியிருக்கிறீர்கள். மதிய உணவு ஒரு மணி நேரம், இரண்டு தேநீர் இடைவேளை சேர்ந்து அரை மணி நேரம் கழித்தால் ஒரு நாளுக்கு ஆறரை, இரண்டு நாளுக்கு 13. அந்தப் பாடத்திட்டத்தில் ஒப்பந்தப் பிரிவுகளும் செலவுக் கோரிக்கையும் 8 மணி நேரம், பேரப் பேச்சு 3, தாமதப் பகுப்பாய்வு 2 என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அப்படியே பிரித்துப் போடுங்கள்: பிசினஸ் அக்யுமென் 8, பவர் ஸ்கில்ஸ் 3, வேஸ் ஆஃப் ஒர்க்கிங் 2. உங்கள் பழைய 6 வேஸ் ஆஃப் ஒர்க்கிங்கில் இருப்பதால் அந்தப் பக்கம் 8 ஆகிவிடுகிறது. பிசினஸ் அக்யுமெனும் 8. ஒரே பதிவில் மூன்றில் இரண்டு பக்கம் அடைந்துவிட்டது.

அடுத்து, வெயிலில் நின்ற அனுபவம். அதற்கு மதிப்பு உண்டு, ஆனால் ஒன்பது வருடத்துக்கும் அல்ல. கிவிங் பேக் பகுதியில் 'ஒர்க் அஸ் எ புரொஃபஷனல்' என்று ஒரு வரி இருக்கிறது. திட்டப் பணியில் இருந்ததற்காக இந்த மூன்று ஆண்டுச் சுழற்சிக்கும் சேர்த்து அதிகபட்சம் 8. தேர்வுக்கு முந்தைய ஆண்டுகள் தேர்வு எழுதும் தகுதிக்கு உதவின. அவற்றின் வேலை அங்கேயே முடிந்தது. ஆனால் 2023 ஆகஸ்ட் முதல் 2025 ஜூன் வரை தோஹாவில் இருந்ததும், இப்போதைய சைட் பொறுப்பும் இந்தச் சுழற்சிக்குள் வருகின்றன. 8 முழுதாக எடுத்துக்கொள்ளலாம். ஆதாரமாக, பதவியும் தேதியும் உள்ள பணி அனுபவக் கடிதம் போதும். அந்தக் கடிதத்தில் 'சைட் இன்ஜினியர்' என்று மட்டும் இருந்தால், அட்டவணை, செலவு, ஒப்பந்தம் என்று நீங்கள் பார்த்த பொறுப்புகளைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் பழைய மேலாளரிடம் மின்னஞ்சலில் வாங்கிவையுங்கள். உங்களை வேலைக்குக் கூப்பிடுகிறவர்தானே, மறுக்க மாட்டார்.

தேர்வுக்கு முன் படித்த 35 மணி நேரத்தை மறந்துவிடுங்கள். சுழற்சி தொடங்குவது தேறிய நாளில். அதற்கு முந்தைய எந்த வகுப்பும் பிடியு ஆகாது. இரண்டிலும் 35 என்ற எண் வருவதால் பலருக்கு இந்த மயக்கம் உண்டு. இரண்டுக்கும் தொடர்பே இல்லை.

ஆக உங்கள் கணக்கு: பதிவான 6, தோஹா பயிற்சி 13, வேலை 8. மொத்தம் 27. குறைவது 54 அல்ல, 33.

அந்த 33இல் குறைந்தது 16 எஜுகேஷன் பகுதியில் இருக்க வேண்டும். அந்தப் பதினாறில் குறைந்தது 5 பவர் ஸ்கில்ஸ் பக்கத்தில். மீதி 17ஐக் கற்றலிலும் தேடலாம், சேவையிலும் தேடலாம். சேவையிலேயே 17ஐயும் தேடினால் வேலைக்கான எட்டோடு சேர்ந்து சரியாக 25இல் போய் நிற்கும், அதற்கு மேல் இடமில்லை. ஜூலை கடைசி ஞாயிறை எல்லையாக வைத்தால் 14 வாரம். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் கூட ஆகாது.

மீதி 33ஐ எங்கிருந்து எடுப்பது

என்பிடிஇஎல் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் திட்ட மேலாண்மை, ஒப்பந்தம், தலைமைப் பண்பு பாடங்கள் இருக்கின்றன. நான்கு வாரப் பாடம் சுமார் 10 மணி நேரம், எட்டு வாரம் 20, பன்னிரண்டு வாரம் 30. ஆனால் ஒரு எச்சரிக்கை. அங்கே பருவம் தொடங்குவது ஜனவரியிலும் ஜூலையிலும்தான். ஜூலையில் சேர்ந்து 1,000 ரூபாய் கட்டித் தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கலாம் என்று திட்டமிட்டால், அது வருவதற்குள் உங்கள் ஆகஸ்ட் 13 போய்விடும். ஏற்கெனவே முடிந்த பாடங்களின் காணொளிகள் இலவசமாகத் திறந்தே கிடக்கின்றன. அவற்றைப் பார்த்து, வகுப்பாக அல்லாமல் 'ஆன்லைன் ஆர் டிஜிட்டல் மீடியா' என்ற வகையில் பதியுங்கள். தலைமைப் பண்பு அல்லது பேரம் பற்றிய பாடம் ஒன்றை எடுத்தால் பவர் ஸ்கில்ஸ் குறையும் அதிலேயே தீரும். அரை மணி நேரக் காணொளி என்றால் 0.5தான். இரண்டு தடவை பார்த்தேன் என்று ஒன்றாக்க வேண்டாம்.

வாசிப்பும் எஜுகேஷன் பகுதிக்குள் வரும். தோஹாவில் ஃபிடிக் என்ற சர்வதேசக் கட்டுமான ஒப்பந்த மாதிரியோடு மல்லுக்கட்டியிருப்பீர்கள். இங்கே வீடு கட்டும் தொழிலுக்கு வந்துவிட்ட பிறகு 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தையும், 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தையும் உட்கார்ந்து ஒருமுறை படியுங்கள். பிடியுவுக்காக இல்லாவிட்டாலும் படிக்க வேண்டியவை அவை. ஆனால் வாசிப்பைத் தணிக்கையில் காப்பாற்றுவது குறிப்புதான். எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த அத்தியாயம், என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று நான்கைந்து வரி. சைட்டில் சிமென்ட் வரவு எழுதும் நோட்டு மாதிரி ஒன்றைத் தனியாகப் போடுங்கள். மூன்று மாதம் கழித்து மொத்தமாக எழுதும் குறிப்பு எப்போதும் மொத்தமாக எழுதியது போலவே இருக்கும்.

நேரில் கூட்டங்களுக்குப் போக விரும்பினால், வரைபடத்தில் நாம் தமிழ்நாடாக இருந்தாலும் உங்களுக்குப் பக்கம் திருவனந்தபுரம்தான். பிஎம்ஐ கேரளக் கிளையின் நிகழ்ச்சிகள் அங்கே நடக்கும். சென்னைக் கிளைக்கு ஒரு இரவு ரயிலில் போக வேண்டும். இரு கிளைகளும் இணையவழிக் கூட்டங்களும் நடத்துகின்றன. கட்டணம் கட்டும் முன், இதற்கு எத்தனை பிடியு, முக்கோணத்தின் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

திருப்பித் தருதலில் உங்களுக்கு மிக எளிது வழிகாட்டல். உங்கள் சைட்டில் டிப்ளமோ முடித்த இரண்டு பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வாரம் ஒரு மணி நேரம், வேலை முடிந்த பிறகு, இவ்வாரம் அட்டவணை, அடுத்த வாரம் அளவுப் புத்தகம், அதற்கடுத்து மாற்றப் பணிகளுக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குவது என்று தலைப்பு வைத்துச் சொல்லிக்கொடுங்கள். பத்து வாரத்தில் 10 பிடியு. ஆனால் கான்கிரீட் போடும்போது பக்கத்தில் நின்று 'வைப்ரேட்டரை இப்படிப் பிடி' என்று சொல்வது இதில் சேராது. அது உங்கள் அன்றாடச் சம்பள வேலை. அதற்குத்தான் 8 எடுத்தாகிவிட்டது. ஒரே மணி நேரத்தை இரண்டு இடத்தில் எழுதக்கூடாது.

மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் பஞ்சமில்லை. வளைகுடாவில் பெரிய கட்டுமானம் பார்த்தவர் வந்து பேசுகிறார் என்றால் சிவில் துறைத் தலைவர் சந்தோஷமாக ஒரு மதியம் ஒதுக்குவார். இரண்டு கல்லூரி, தலா ஒன்றரை மணி நேரம் என்றால் 3. முடிந்ததும் கல்லூரி முகப்புத் தாளில் தலைப்பு, தேதி, நேரம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நன்றிக் கடிதத்தில் நேரம் இருக்காது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆனால் மே மாதம் கல்லூரி விடுமுறை. ஜூன் பிற்பாதிக்கு இப்போதே பேசி வையுங்கள்.

இப்படிச் செய்தால் சேவையில் 13, கற்றலில் 20 என்று 33 நிறையும். உங்களுக்கு நான் சொல்வது, ஒரு மூன்று நான்கு கூடுதலாகவே வையுங்கள். தணிக்கையில் ஒரு பதிவு நிராகரிக்கப்பட்டால் 59இல் நிற்கக்கூடாது. மிஞ்சினாலும் வீணாகாது. சுழற்சியின் கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் ஈட்டியதில் 60க்கு மேல் இருப்பது, 20 வரை, அடுத்த சுழற்சிக்குப் போகும்.

பதிவு செய்யும்போது

ஒவ்வொரு பதிவிலும் நடத்தியவர், தலைப்பு, சிறு விளக்கம், தொடங்கிய தேதி, முடிந்த தேதி, முக்கோணத்தின் எந்தப் பக்கத்துக்கு எத்தனை என்று கேட்கும். விளக்கத்தில் 'நன்றாக இருந்தது' என்று எழுதுவதில் பயனில்லை. 'தாமதக் கோரிக்கையில் அறிவிப்புக் காலம் பற்றிய இரண்டு மணி நேரப் பகுதி' என்று எழுதுங்கள். தோஹா சான்றிதழில் மணி நேரம் அச்சாகியிருக்காவிட்டால் அந்தப் பயிற்சிக்கு வந்த அழைப்பு மின்னஞ்சலையும் நிகழ்ச்சி நிரலையும் தேடி எடுங்கள். பழைய நிறுவனத்தின் மின்னஞ்சல் இப்போது திறக்காது என்றால் உங்களோடு அந்தப் பயிற்சிக்கு வந்த நண்பரிடம் கேளுங்கள். ஆதாரங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில், பதிவின் தேதி வரிசையில் வையுங்கள். சுழற்சி முடிந்து 18 மாதம் வரை அதை அழிக்கக்கூடாது.

60 நிறைந்துவிட்டால் புதுப்பித்துவிட்டது என்று அர்த்தமில்லை. பிறகு விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். நெடுங்காலமாக உறுப்பினருக்கு 60 டாலர், உறுப்பினர் அல்லாதவருக்கு 150 டாலர். இதற்கு மேல் வரி சேரலாம். கட்டணப் பக்கத்தில் வரும் தொகையே இறுதி. உறுப்பினர் சந்தா விட்டுப்போனதால் பிஎம்பியும் போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். அது வேறு, இது வேறு. சந்தா இல்லாமலும் புதுப்பிக்கலாம். 90 டாலர் மிச்சத்துக்காகச் சேர்வதா என்பதை, ஓராண்டுச் சந்தா எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பணம் கட்டும் இடத்தில் ஒரு சின்ன இடறல். 2020 மார்ச்சிலிருந்து நம் வங்கி அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்த நிலையில் வருகின்றன. வெளிநாட்டுக் கட்டணத்துக்கு வங்கிச் செயலியில் நீங்களே அனுமதியைத் திறந்து, வரம்பும் வைக்க வேண்டும். ஆகஸ்ட் 12 இரவில் அட்டை மறுக்கப்பட்டு, மறுநாள் வங்கி வாசலில் போய் நிற்க வேண்டாம். ஜூலை முடிவதற்குள் கட்டிவிடுங்கள். முன்கூட்டிக் கட்டியதால் அடுத்த மூன்று ஆண்டு குறையாது. அது பழைய சுழற்சி முடிந்த மறுநாள்தான் தொடங்கும்.

நண்பர் சொன்ன ஒரு வருடம்

நண்பர் சொன்னதில் பாதி உண்மை. ஆகஸ்ட் 13க்குள் முடிக்காவிட்டால் சான்றிதழ் ஓராண்டு இடைநிறுத்தத்துக்குப் போகும். அந்த ஓராண்டுக்குள் குறையைத் தீர்த்துக் கட்டணம் கட்டினால் மறுபடி நடப்புக்கு வரும். அவர் சொல்லாமல் விட்ட பாதி இதுதான். இடைநிறுத்தத்தில் இருக்கும்போது பெயருக்குப் பின்னால் பிஎம்பி என்று போடக்கூடாது, தற்குறிப்பிலும் அட்டையிலும். பிஎம்ஐயின் பொதுப் பதிவேட்டில் பெயரைத் தேடி நிலையைப் பார்க்க எந்த நிறுவனத்தாலும் முடியும். தோஹாவில் மனிதவளத் துறை அதைத்தான் செய்யும். அடுத்த சுழற்சியின் முடிவுத் தேதியும் தள்ளிப் போகாது. பழைய கடனுக்குத் தின்ற மாதங்கள் புதிய மூன்று ஆண்டிலிருந்துதான் கழியும். அந்த ஆண்டும் தப்பினால் விண்ணப்பம், தேர்வுக் கட்டணம், தேர்வு எல்லாம் முதலிலிருந்து. 2021 ஜனவரியில் தேர்வில் ஏறக்குறைய பாதியை அஜைலும் கலப்பு முறையும் பிடித்துக்கொண்ட மாதிரி, பாடத்திட்டமும் நீங்கள் எழுதிய இடத்தில் நிற்காது. செப்டம்பர் வேலை வேண்டும் என்றால் உங்களுக்கு இடைநிறுத்தம் ஒரு வழியே அல்ல.

இன்னொரு கேள்வியைக் கடிதத்தின் கடைசியில், கேட்காதது போலக் கேட்டிருக்கிறீர்கள்: எனக்க அப்பாவ விட்டுட்டுப் போகாம இங்கேயே இருந்துட்டா இந்தப் பிஎம்பி எதுக்கு? நியாயமான கேள்வி. மார்த்தாண்டத்தில் வீடு கட்டுகிறவர் உங்களிடம் பிஎம்பி கேட்கப்போவதில்லை. பொதுப்பணித் துறை ஒப்பந்ததாரர் பதிவுக்கும் அது தேவையில்லை. இங்கேயே நிற்பது உறுதி என்றால் விட்டுவிடுவதில் எந்த வெட்கமும் இல்லை. அப்போது விசிட்டிங் கார்டிலிருந்து அந்த மூன்று எழுத்தை எடுத்துவிட்டால் போதும். ஆனால் நீங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை. முடிவெடுக்காதவருக்கு, 33 மணி நேரமும் ஒரு கட்டணமும் செலவு செய்து மூன்று ஆண்டுக்குக் கதவைத் திறந்து வைப்பது மலிவு. திருவனந்தபுரத்தில் உள்ள கட்டுமான நிறுவனங்களிலும் விசாரித்துப் பாருங்கள். வாரக் கடைசியில் வீட்டுக்கு வரும் தூரம்தானே.

கொடுத்த 2,000 ரூபாய்

அந்த மையம் ரசீதில் 'பிஎம்பி புதுப்பிப்புப் பயிற்சி' என்று எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். நல்லது. பயிற்சி வேண்டாம், முன்பணத்தைத் திருப்பித் தாருங்கள், என் பெயரில் எந்தப் பதிவும் செய்யக்கூடாது என்று மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ எழுதி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். தொலைபேசியில் மட்டும் பேசி விடாதீர்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதற்கும் மசியாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி மையம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணம் இல்லை, காலவரம்பு இரண்டு ஆண்டு.

ஆனால் 2,000 ரூபாய்க்காக ஆணையத்துக்கு அலைவது உங்கள் நேரத்துக்குக் கட்டுமா என்பதையும் யோசியுங்கள். வாட்ஸ்அப்பில் நீங்கள் 'கிளாஸ் வேண்டாம், சர்டிபிகேட் மட்டும் போதும்' என்று எழுதியிருந்தால் அதையும் எதிர்த்தரப்பு எடுத்து வைக்கும் என்பதை மறக்க வேண்டாம். எழுத்தில் கேளுங்கள், வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வராவிட்டால் 1915 வரை போய் நிறுத்திக்கொள்வதுதான் என் யோசனை. ஆகஸ்ட் 13 வரை உங்கள் மாலை நேரத்துக்கு வேறு வேலை இருக்கிறது. அலமாரியில் கிடக்கும் அந்தத் தோஹா சான்றிதழை எடுத்து 13ஐப் பதிவது முதல் வேலை.